ஃபேனை நிறுத்து

வெட்டிடு என்று சொன்னது நான்தான். யாரும் என் கையைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை. தண்ணீர் கேன் டெம்போவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, என் முறை வருவதற்குள், கட்டைவிரலால் இரண்டே வார்த்தை, சரிடா வெட்டிடு, அனுப்பியும் ஆயிற்று. என் பாட்டுகளுக்கு மிக்ஸிங் செய்கிற ஜோயல் உடனே பதில் போட்டான், ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்புறதுக்குள்ள புது ஃபைல் ஏத்திடறேன் மச்சி, டென்ஷன் ஆகாத. நான் எங்கே டென்ஷன் ஆனேன், எனக்கு அப்போது வெட்கம்தான் இருந்தது, காது மடல் சூடாகிற வெட்கம். இருபது லிட்டர் கேனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து, லிஃப்ட் கதவில் தொங்கிய அட்டையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, படியில் கால் வைத்து, நாலாவது படியோ ஐந்தாவது படியோ, அங்கேதான் உறைத்தது. இரண்டு நிமிடம் நாற்பத்தொன்றாவது நொடியில் இருமுகிற ஆள் யாராக இருக்க முடியும்? எங்கள் வீட்டில் இருமுகிறவர் ஒருத்தர்தான் இருந்தார். போன ஐப்பசியிலிருந்து அவரும் இல்லை. போனை எடுத்துப் பார்த்தேன், டவர் இல்லை. இந்தப் பிளாக்கில் படிக்கட்டுக்குள் நுழைந்தால் டவர் போய்விடும். எட்டாவது மாடியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்குப் போனால்தான் திரும்ப வரும், இல்லையென்றால் வெளியே வாசலுக்குப் போக வேண்டும். ஐந்து படி இறங்கினால் போதும். ஐந்தே படி. ஒரு போன், டேய் ஜோயல் இரு, தொடாதே, அவ்வளவுதான். நான் இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டு அடுத்த படியில் ஏறினேன்.

ஆறு மார்க் போட்டிருக்கிறான். பத்துக்கு ஆறு. சுயாதீன ஆல்பங்களுக்கு மட்டும் விமர்சனம் எழுதுகிற பக்கம் அது, அதில் பெயர் வந்தால் நாலு பேர் கேட்பார்கள் என்று ஒரு வாரமாக ஜோயல் அவர்களுக்குத் தூது விட்டுக்கொண்டிருந்தான். வந்துவிட்டது. "எட்டாவது மாடி. பரந்தா. ஒன்பது பாட்டு. வார்த்தை இருக்கிறது, கோபம் இருக்கிறது, பதிவு மட்டும் பள்ளிக்கூட ஆண்டு விழா." அந்த வரியை மனப்பாடம் செய்துவிட்டேன், நன்றாகத்தான் எழுதுகிறான் படுபாவி. "'எவன்டா' பாட்டில் 2:41-ஐக் கேளுங்கள். பீட் நிற்கிற இடத்தில் யாரோ ஒரு அங்கிள் இருமுகிறார். இதைக்கூடக் கவனிக்காமல் ஸ்டூடியோ ஆல்பம் என்று வெளியிடலாமா?" அதற்குக் கீழேதான் கூட்டம். ஆல்பத்தைக் கேட்காதவன் எல்லாம் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டு, 2:41 அங்கிள் ரசிகர் மன்றம், அங்கிளுக்கு இருமல் மருந்து வாங்கிக் குடுங்கப்பா, ஆல்பத்துலயே நல்ல வாய்ஸ் அங்கிளோடதுதான், சிரிப்பு சிரிப்பு சிரிப்பு. பதினொரு மாதம் நான் எழுதியதில் ஒரு வரியைக்கூட ஒருத்தனும் எடுத்துப் போடவில்லை. டெம்போ இன்ஜின் சத்தத்தில் போனைக் காதில் அழுத்திப் போட்டுக் கேட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமலேயே வெட்டிடு என்றேன். முதல் மாடி. மூச்சு நாலு எண்ணிக்கையில் போகிறது, நாலு படிக்கு ஒரு மூச்சு, எதைச் செய்தாலும் மண்டைக்குள் ஒருத்தன் தாளம் போட்டுக்கொண்டே இருக்கிறான். சுடுகாட்டில் நின்றபோதும் போட்டான். சாம்பல், சோம்பல், அடுத்து என்ன என்று எதுகை தேடினான். மாமா என் தோளில் கை வைத்து அழுவுடா, அழுதுடு என்கிறார், நான் உள்ளே மூன்றாவது வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஸ்டூடியோவாம். எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஹால், ஒரு சமையல் மூலை, ஒரு ரூம். ரூம்தான் ஸ்டூடியோ. ஜன்னலுக்கு இரண்டு போர்வை, கதவுக்கு அம்மாவின் பழைய புடவை நாலாக மடித்து, சுவருக்கு மெத்தை. அப்பாவின் மெத்தை. குடோனில் முப்பது வருஷம் மூட்டை தூக்கின உடம்பு, உள்ளே போன தூசி நெஞ்சைப் பிடித்துக்கொண்ட பிறகு அவர் படுப்பதற்கென்று வாங்கின மெத்தையை நான் நிமிர்த்திச் சுவரில் சாத்திவிட்டேன், எதிரொலி அடிக்கக் கூடாதே. அவர் பாயில் படுத்தார். "மெத்தை சூடுப்பா, பாயிதான் ஜில்லுனு கீது" என்றார். நானும் நம்பினேன், நம்பினால் எனக்கு வசதி. மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை பிளாக் அடங்கி இருக்கும், அதுதான் ரெக்கார்டிங் நேரம். மே மாதம், எட்டாவது மாடி, மேலே மொட்டை மாடி. அப்போது நான் சொல்லுகிற முதல் வார்த்தை, ஃபேனை நிறுத்து. மைக் ஃபேன் சத்தத்தை எல்லாவற்றுக்கும் முன்னால் பிடிக்கும். அப்பாவே கையை நீட்டி சுவிட்சைத் தட்டுவார். வியர்வை ஊற்றும். அவர் நெஞ்சு காற்றுக்குத் தவிக்கும், நான் மைக்கைப் பார்த்துக் காற்றைப் பற்றி, வேர்வையைப் பற்றி, உழைப்பைப் பற்றிப் பாடுவேன். ஆரம்பத்தில் இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். ஒருநாள் 'மூட்டை' பாட்டு ரெக்கார்டிங், அப்பாவைப் பற்றின பாட்டு, அவர் தோளில் இருக்கிற தழும்பைப் பற்றின பாட்டு, ஏழாவது டேக்கில் மூன்றாவது சரணத்தில் இருமிவிட்டார். "ஒரு நிமிஷம் அடக்க முடியாதாப்பா உன்னால?" என்று கத்தினேன். அன்றிலிருந்து இருமல் வருகிற மாதிரி இருந்தாலே எழுந்து வெளியே படிக்கட்டுக்குப் போய்விடுவார். அம்மா சமையல் மூலையிலிருந்து துண்டைக் கையால் காட்டுவாள், எடுத்துக்கொண்டு போ, தலை வேர்க்கிறது பார் என்று, வாயைத் திறக்க மாட்டாள், ரெக்கார்டிங் நேரத்தில் அவளும் பேசக் கூடாது. எங்கள் வீட்டில் பதினொரு மாதம் இரண்டு பேர் சைகையில் குடும்பம் நடத்தினார்கள், நான் ஒருத்தன் மட்டும் சத்தமாகப் பேசினேன். முடித்துவிட்டு ஃபேனைப் போட்டால் அந்தச் சத்தம் கேட்டுக் கதவைக் கொஞ்சமாகத் திறந்து தலையை நீட்டுவார். "ஆச்சா?" என்பார். என் பாட்டைப் பற்றி அவர் சொன்னது அது ஒன்றுதான்.

அந்த ஆச்சா எங்கேயும் இல்லை. அதுதான் விஷயம். அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்து லேப்டாப்பைத் திறந்தேன், பழைய டேக்குகளில் எங்காவது மாட்டியிருக்கும் என்று. ஒன்றும் இல்லை. இடம் போதவில்லை என்று நானே அழித்திருந்தேன், மிக்ஸிங்குக்கு ஜோயலிடம் அனுப்பின மறுநாளே. அனுப்பியதும் சுத்தமான டேக், கழுவித் துடைத்தது. வரிக்கும் வரிக்கும் நடுவில் திரையில் ஓடுகிற ஒலி அலையில் சின்னதாக ஒரு முண்டு தெரிந்தால் போதும், கண்ணால் பார்த்தே வெட்டுவேன், காதால்கூடக் கேட்க மாட்டேன். முண்டு, வெட்டு. முண்டு, வெட்டு. ஒன்பதில் எட்டுப் பாட்டிலும் அப்பாவை அப்படி வெட்டி எடுத்தேன், முள்ளு எடுக்கிற மாதிரி. அவரிடம் இருந்தது பட்டன் போன், வாய்ஸ் மெசேஜ் எல்லாம் கிடையாது. சித்தி மகள் கல்யாண வீடியோவில் இருக்கிறார், இரண்டாம் பந்தியில் பாயசம் ஊற்றச் சொல்லி எதையோ சொல்கிறார், வாய் அசைகிறது, மேலே நாதஸ்வரம் போட்டுவிட்டார்கள். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், நீ இத்தனை ரெக்கார்டு பண்ணியே, அவர் குரல் எதுலயாவது கீதா என்று. தேடறேம்மா என்றேன். தேடறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது. மூன்றாவது மாடி. கேனை இறக்கி வைத்தேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இப்படி ஒரு மூட்டையை ஒரு நாளைக்கு நூறு தடவை தூக்கின மனுஷன். நான் ஒரு கேனுக்கு மூன்று இடத்தில் நிற்கிறேன்.

'எவன்டா' கடைசியாகச் செய்த பாட்டு. அவசரம். ஒரே டேக். அதைக் கழுவாமல் அப்படியே ஜோயலுக்குத் தள்ளிவிட்டேன், தற்பெருமைப் பாட்டுதானே, சத்தத்தில் ஒன்றும் தெரியாது என்று. ஜோயல் மிக்ஸிங்கில் சின்னச் சத்தத்தையெல்லாம் பெரிதாக்கிவிடுவான், அவன் பழக்கம் அது. ஆகவே இருக்கலாம். ஆனால் வெளிவருவதற்கு முன்னால் நூறு தடவை கேட்டேனே, எப்படித் தெரியாமல் போயிற்று? தெரியாமல் என்ன, நூறு தடவையும் நான் என் குரலை மட்டும்தான் கேட்டேன். பீட் நிற்கும், நாலு எண்ணிக்கை மௌனம், அந்த நாலு எண்ணிக்கையிலும் நான் சொல்லி முடித்த வரியின் கெத்தில் மயங்கிக் கிடப்பேன். என்ன வரி? "எவன் தயவும் எனக்கில்ல, தனியா வந்தேன், எவன்டா!" அதற்கு அடுத்துத்தான் 2:41. அட்டைப்படத்தின் கீழே என்ன போட்டோம், எழுத்து, குரல், பதிவு, தயாரிப்பு, எல்லாம் பரந்தா. எல்லாம் நானே. மெத்தை யாருடையது என்று போடவில்லை. சரி, இப்போது கீழே போ. இன்னும் நேரம் இருக்கிறது, ஒன்பது பதினாறு. போ. போகமாட்டேன் என்கிறது கால். ஒரு பக்கம் பயம், கேட்டால் அது பக்கத்து வீட்டு ஆளாக இருக்கும், குக்கராக இருக்கும், இல்லை நானே கனைத்ததாக இருக்கும், அப்போது இந்த மூன்று மாடி அளவுக்கு வந்த ஆசையும் போய்விடும். அது மட்டும் என்றால் பரவாயில்லை. இன்னொன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஜோயல் வெட்டி ஏற்றிவிட்டால் அந்த விமர்சனப் பக்கக்காரனுக்குப் பதில் போடலாம், சரி செய்தாயிற்று ப்ரோ, நன்றி ப்ரோ, அவன் ஆறை ஏழாக்கினாலும் ஆக்குவான். ஏழு. இந்தப் படிக்கட்டில், அப்பா செத்து மூன்று மாதத்தில், எனக்கு அந்த ஏழு வேண்டியிருக்கிறது. அன்றைக்கு அடக்க முடியாதா என்று கத்தினவன்தான் இவனும், வேறு ஆள் இல்லை. ஜோயல் பழைய ஃபைலின் மேலேயே சேமிப்பான். ஒரு தடவை ஏற்றிவிட்டால் முடிந்தது. நாலாவது மாடி, ஐந்தாவது மாடி, நான் கேனைப் பிடித்துக்கொண்டு போகிறேனா, கேன் என்னைப் பிடித்துக்கொண்டு போகிறதா தெரியவில்லை.

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில் சுவரில் ஓட்டை ஓட்டையாக ஜாலி வைத்த இடம். காற்று வரும். இங்கேதான் உட்காருவார், சுவரில் சாய்ந்து, இரண்டு முழங்கையையும் முட்டியில் வைத்துக்கொண்டு. அவர் தலை பட்டுப் பட்டுச் சுண்ணாம்பில் எண்ணெய்க் கறை, ஒரு கை அகலம். நான் இந்தக் கறையைப் பார்க்காமல் ஏறுவதற்குப் பழகியிருந்தேன். இன்றைக்குக் கேனை அங்கேயே இறக்கி வைக்க வேண்டியதாயிற்று. ஆறாவது மாடி செல்வமேரி அக்கா துடைப்பத்தோடு வெளியே வந்தாள். "இன்னாபா பரந்தா, லிஃப்டு இன்னிக்கும் புட்டுகிச்சா?" என்றாள். ஆமாங்க்கா என்றேன். அவளும் கறையைப் பார்த்தாள். "உங்கப்பா குந்தினு இருந்த எடம். பெயின்ட் அடிக்க வந்தாங்கன்னா இத மட்டும் வுட்டுடச் சொல்லணும்னு நெனச்சுகினே இருப்பேன்." நான் கேனைத் தூக்கக் குனிந்தேன். "எங்க பிள்ளைங்கள இன்னா மெரட்டு மெரட்டுவாரு தெரியுமா? படியில ஒருத்தனும் தடதடன்னு ஏறக் கூடாது. ஷ், உள்ள பையன் பாடறான், மெதுவா போங்கன்னுவாரு. அஞ்சாவது மாடில மிக்ஸி ஓடுனா எறங்கிப் போய் நிறுத்தச் சொல்லுவாரு. ரெண்டு மணி ஆச்சுன்னா எங்க பிளாக்குக்கே நீதான் ஊரடங்கு போட்டுட்ட." சிரித்தாள். சிரித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இருமினா கேக்கப் போவுதுன்னு துண்ட வாயில வச்சிக்குவாரு. துண்டு இல்லாத நாள்ல எங்கிட்ட வாங்கிக்குவாரு." அக்கா, நான் வரேன் என்றேன். மத்தியானத்தில் பிளாக் தானாக அடங்குகிறது என்று பதினொரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அதிர்ஷ்டம் என்றுகூட ஒரு பேட்டியில் சொன்னேன். மணி ஒன்பது இருபத்து நாலு. கேனை அங்கேயே விட்டுவிட்டு ஓடினேன், ஏழு, ஏழரை, எட்டு, கதவு திறந்துதான் கிடந்தது, அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றாள், "தண்ணி எங்கடா?" என்றாள், நான் ரூமுக்குள் போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தேன். ஒரு கோடு வந்தது. இரண்டு கோடு.

"ஜோயல், தொடாதடா."

"கட் பண்ணிட்டேன் மச்சி, சூப்பரா பண்ணிட்டேன், ஏத்தறதுதான் பாக்கி."

"ஏத்தாத. பழைய ஃபைல் வச்சிருக்கியா?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேனே. ஏன்?"

"அப்ப நெட்ல ஓடிகினு இருக்கறது ஒண்ணுதான் இருக்கு. அத எறக்கிடாத. எந்தக் காலத்துலயும் எறக்கிடாத."

"டேய், அங்கிள் அங்கிள்னு ஓட்டறானுங்கடா. அசிங்கமா இல்ல உனக்கு?"

"இருக்குடா," என்றேன். "ஓட்டட்டும்."

லேப்டாப்பில் ஸ்பீக்கரைச் செருகினேன். ஹெட்போன் போட்டுக்கொண்டு தனியாகக் கேட்டிருக்கலாம், தோன்றவில்லை. மெத்தை இன்னமும் சுவரில் நின்றபடிதான் இருக்கிறது, படுப்பதற்கு ஆள் இல்லாததால் இறக்கவில்லை. மேலே ஃபேன் கடகடவென்று ஓடுகிறது. பாட்டை இரண்டு நிமிடம் முப்பதுக்குத் தள்ளினேன். நான் கத்துகிறேன், எவ்வளவு கத்துகிறேன், யாரிடம் கத்துகிறேன் இந்தக் கத்தல்? எவன் தயவும் எனக்கில்ல, தனியா வந்தேன், எவன்டா. பீட் நின்றது. ஒன்று. பாதி இருமல், மீதியை யாரோ உள்ளங்கையில் பிடித்து அமுக்குகிறார்கள். இரண்டு. பாய் சரசரக்கிறது, முட்டியில் கை ஊன்றி எழுகிற ஒரு முனகல், அது அவர்தான், அந்த முனகலை உலகத்தில் எங்கே வைத்தாலும் எனக்குத் தெரியும். மூன்று. ரப்பர் செருப்பு இரண்டு அடி. நாலு. தாழ்ப்பாளைச் சத்தம் வராமல் தூக்குகிறார், எவ்வளவு மெதுவாக, முட்டை எடுப்பது போலத் தூக்குகிறார், அப்படியும் நுனியில் ஒரு கிளிக். பிறகு பீட் வந்து விழுந்து, நான் மறுபடியும் என்னைப் பற்றிக் கத்தத் தொடங்கிவிட்டேன். அப்பாவின் குரல் என்று மிச்சம் இருப்பது இவ்வளவுதான். என் பாட்டுக்கு இடைஞ்சல் வேண்டாம் என்று அவர் எழுந்து வெளியே போகிற சத்தம்.

இன்னொரு தடவை தள்ளினேன். இருமல், பாய், செருப்பு.

"யோவ், துண்ட எடுத்துனு போயா," என்றாள் அம்மா சமையல் மூலையிலிருந்து, திரும்பாமல், சத்தமாக.

தாளிக்கிற கரண்டி நின்றது. அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து ரூம் வாசலில் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்தாள், தாழ்ப்பாளை. அது சாத்தாமல் திறந்துதான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன், அம்மா, நான்தான் எல்லாத்தையும் வெட்டிட்டேன், அவர இருமக் கூடாதுன்னு நான்தான், என்று ஏதோ ஆரம்பித்தேன். தெரியும் என்பது போலக் கையை ஆட்டி என்னை அடக்கினாள், பதினொரு மாதம் பழகின அதே சைகை. பாய் விரித்துக் கிடந்த இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கர் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடு."

போட்டேன். அவள் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தாள்.

"ஃபேனை நிறுத்துடா," என்றாள். "சரியா கேக்கல."